ஒரே எடிட்டர், மூன்று இயங்குதளம்: 'கான்ஃபிகர்' உண்மையில் என்ன செய்கிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் எந்த பிஜிக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு அறை இருக்கும். கிருஷ்ணகிரி, வேலூர், திருநெல்வேலி என்று வேறு வேறு ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த மூன்று பேர். ஒருவரிடம் கம்பெனி கொடுத்த விண்டோஸ் லேப்டாப். இன்னொருவரிடம் மேக்புக். மூன்றாமவர் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறார். மூன்றிலும் விம் எடிட்டரைத் திறந்தால் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. மூன்றுக்கும் அடிப்படை ஒரே சோர்ஸ் கோடு. உள்ளே போய்ப் பார்த்தால் இந்த மூன்று இயங்குதளங்களும் பல இடங்களில் வேறுபடுகின்றன. அப்படியிருந்தும் ஒரே கோடு மூன்றிலும் ஓடுகிறதே, எப்படி?

இதைப் புரிந்துகொண்டால், பல கட்டற்ற மென்பொருள்களைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போது 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்ட் திரையில் ஓட்டும் அந்த நூற்றுக்கணக்கான வரிகள் உங்களோடு பேச ஆரம்பிக்கும். கல்லூரியில் படித்த கொஞ்சம் சி மொழி போதும். உதாரணத்துக்குப் பெரும்பாலும் விம்மையே எடுத்துக்கொள்கிறேன், நடுவில் ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரும் வரும். இரண்டுமே பல பத்தாண்டுகளாகப் பல இயங்குதளங்களில் வாழ்ந்து பழகியவை. அந்த அனுபவம் அவற்றின் ஃபோல்டர்களிலேயே பதிந்திருக்கிறது.

எடிட்டருக்கு இயங்குதளத்தோடு என்ன பிரச்சினை?

எடிட்டரின் வேலையில் பெரும்பகுதிக்கு இயங்குதளம் எது என்பதே தேவையில்லை. ஒரு வரியை நீக்குவது, ஒரு சொல்லைத் தேடுவது, செய்ததைத் திரும்பப் பெறுவது எல்லாம் வெறும் நினைவகக் கணக்கு. லினக்ஸானாலும் விண்டோஸானாலும் அந்தக் கோடு அப்படியே ஓடும். எடிட்டர் வெளியுலகைத் தொடும் இடங்களில்தான் சிக்கல்.

நீங்கள் ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். லினக்ஸ் டெர்மினல் சாதாரணமாக நீங்கள் என்டர் அடிக்கும்வரை எழுத்துகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பிறகுதான் நிரலுக்குக் கொடுக்கும். எடிட்டருக்கு அது உதவாது. ஒவ்வொரு எழுத்தும் தட்டிய கணமே வேண்டும். அதனால் விம் கிளம்பும்போதே டெர்மினலின் நடத்தையை மாற்றச் சொல்லிக் கேட்கிறது. விண்டோஸ் கன்சோலில் இதற்கான வழியே வேறு. அங்கே விசை தட்டுவது, மவுஸ் நகர்வது, ஜன்னலின் அளவு மாறுவது எல்லாம் நிகழ்வுகளாக ஒரு வரிசையில் வந்து நிற்கும். நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் யூனிக்ஸ் குடும்பத்தில் (லினக்ஸும் மேக்கும் இதில் சேர்த்தி) நிரலுக்கு ஒரு சிக்னல் வரும். விண்டோஸில் அந்தச் சிக்னலே கிடையாது.

எடிட்டருக்குள்ளிருந்து இன்னொரு நிரலை ஓட்ட வேண்டும் என்றால் யூனிக்ஸில் 'ஃபோர்க்' என்று தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வழி உண்டு, விண்டோஸில் அதுவும் இல்லை. கோப்பின் பாதையில் ஓரிடத்தில் முன்சாய்ந்த கோடு, இன்னோரிடத்தில் பின்சாய்ந்த கோடு. வரி முடிவை யூனிக்ஸ் ஒரு எழுத்தால் குறிக்கும், விண்டோஸ் இரண்டால் குறிக்கும். உங்கள் சொந்த அமைப்புகளை வைக்கும் கோப்பின் பெயர் லினக்ஸில் புள்ளியில் தொடங்கும். விண்டோஸில் வழக்கமாக அடிக்கோட்டில் தொடங்கும்.

காப்பி-பேஸ்ட் தனிக்கதை. விண்டோஸிலும் மேக்கிலும் கிளிப்போர்டு இயங்குதளத்தோடே வருகிறது. லினக்ஸில் அதைத் தருவது எக்ஸ்11, வேலண்ட் போன்ற வரைகலை அடுக்கு. அந்த அடுக்கே இல்லாத சர்வரில் கிளிப்போர்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெயரைக் கேட்பதா, திறனைக் கேட்பதா?

சரி, ஒரே சோர்ஸ் கோடு இத்தனை வித்தியாசங்களை எப்படிச் சமாளிக்கிறது? மனதில் முதலில் தோன்றும் வழி, இயங்குதளத்தின் பெயரைக் கேட்பது. "இது லினக்ஸா? அப்படியானால் இப்படிச் செய். மேக்கா? அப்படியானால் அப்படிச் செய்."

ஈமேக்ஸ் வெகுகாலம் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984-ல் க்னூ ஈமேக்ஸை எழுதத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு யூனிக்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. அதனால் அதன் சோர்ஸுக்குள் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு ஹெடர் கோப்பு. இன்னொன்றில் ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் ஒரு ஹெடர் கோப்பு. இதில் ஒன்று, அதில் ஒன்று என்று பொருத்தினால் உங்கள் கணினிக்கான அமைப்பு தயார்.

இதில் உள்ள ஓட்டை போகப்போகத் தெரியும். ஒரே பெயருள்ள இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் ஒரு வசதி புதிதாக வந்திருக்கும், இன்னொன்று போயிருக்கும். பெயர் மாறவில்லை, திறன் மாறிவிட்டது. நாளை ஒரு புது இயங்குதளம் வந்தால் அதற்கு யாராவது ஒரு புதுக் கோப்பு எழுதும்வரை எடிட்டர் அங்கே ஓடாது, தேவையான எல்லா வசதிகளும் அதில் இருந்தாலும்கூட. ஈமேக்ஸ்காரர்கள் 2010-களின் தொடக்கத்தில் அந்த இரண்டு ஃபோல்டர்களையும் படிப்படியாகக் கரைத்து, அவற்றின் வேலையைக் கான்ஃபிகருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இரண்டாவது வழி, பெயரை விட்டுவிட்டுத் திறனைச் சோதிப்பது. கல்யாண மண்டபத்துக்கு வரும் சமையல் மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அல்சூர் மண்டபமா, ஓசூர் மண்டபமா என்பதை வைத்து அவர் எதையும் முடிவுசெய்வதில்லை. நேராகச் சமையற்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பார், குழாயைத் திறந்து பார்ப்பார், அண்டா இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் எதை எப்படிச் செய்வது என்று சொல்வார். கான்ஃபிகர் செய்வதும் இதையேதான்.

கான்ஃபிகர் என்பது ஒரு நீளமான ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளை வரியில் தட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு. அதை யாரும் கையால் முழுதாக எழுதுவதில்லை. ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கித் தருகிறது. அந்தக் கருவியை டேவிட் மெக்கென்சி 1991-ல் எழுதத் தொடங்கினார். இன்றைக்கும் ஏராளமான சி மென்பொருள்கள் அதன் மேல்தான் நிற்கின்றன.

உள்ளே நடப்பது

கான்ஃபிகரை ஓட்டினால் "இது இருக்கிறதா... ஆம்", "அது இருக்கிறதா... இல்லை" என்று வரிகள் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சின்னப் பரிசோதனை நடக்கிறது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் கணினியில் ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷன் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கான்ஃபிகர் எந்த ஆவணத்தையும் புரட்டுவதில்லை. அந்த ஃபங்ஷனை அழைக்கும் சில வரி சி நிரல் ஒன்றை அந்தக் கணமே எழுதி ஒரு தற்காலிகக் கோப்பில் வைக்கிறது. உங்கள் கம்பைலரிடமே அதைக் கொடுத்து கம்பைல் செய்து, லைப்ரரிகளோடு இணைத்துப் பார்க்கிறது. சில சோதனைகளில் கம்பைல் ஆனது போதாது என்று அதை ஓட்டியும் பார்க்கும். வெற்றி என்றால் "ஆம்". தோல்வி என்றால் "இல்லை". பிறகு அந்தக் கோப்பை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. இப்படி நூற்றுக்கணக்கான குட்டி நிரல்கள் பிறந்து மறைந்த பிறகுதான் உங்களுக்குக் கட்டளை வரி திரும்பக் கிடைக்கிறது.

விம்மில் நடக்கும் ஒரு சோதனையைப் பார்ப்போம். டெர்மினலில் எழுத்துகளை எங்கே எந்த நிறத்தில் போடுவது என்பதற்கு அதற்கு ஒரு டெர்மினல் லைப்ரரி வேண்டும். ஒரு கணினியில் அது என்கர்சஸ் என்ற பெயரில் இருக்கலாம், இன்னொன்றில் டின்ஃபோ, பழைய ஒன்றில் டெர்ம்கேப். விம்மின் கான்ஃபிகர் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வைத்து இணைத்துப் பார்க்கும். எது ஒட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும், என்கர்சஸ் போன்ற ஒரு லைப்ரரியை நிறுவச் சொல்லும். புதிதாக உபுண்டு போட்டவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. என்கர்சஸ் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும், ஆனால் ஓட்டுவதற்கான பகுதி மட்டும்தான் இருக்கும். கம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகளும் தேவை. உபுண்டுவிலும் டெபியனிலும் அவை பெயரின் கடைசியில் 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியாக வரும். 'டெவ்' பொதியை நிறுவிவிட்டுக் கான்ஃபிகரை மறுபடி ஓட்டினால் போதும்.

சோதனைகளின் முடிவுகள் இரண்டு கோப்புகளாக எழுதப்படுகின்றன. ஒன்று சி கோடுக்கானது. 'கான்ஃபிக்' என்ற பெயருள்ள ஹெடர் கோப்பு அது. இன்ன ஃபங்ஷன் இருக்கிறது, இன்ன லைப்ரரி இருக்கிறது என்று வரிக்கு ஒன்றாக அதில் இருக்கும், இல்லாதவை கமெண்டாகக் கிடக்கும். மற்றொன்று, கம்பைல் வேலையை வரிசையாக நடத்தும் 'மேக்' (make) கருவிக்கானது, ஆப்பிளின் மேக் வேறு. எந்த கம்பைலர், எந்த லைப்ரரிகள், முடிந்ததும் எங்கே நிறுவுவது என்பதெல்லாம் அதில். விம்மில் இரண்டும் சோர்ஸ் ஃபோல்டருக்குள் 'ஆட்டோ' என்ற உள்ஃபோல்டரில் கிடைக்கும். ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள். உங்கள் கணினியின் குணங்கள் சி மொழியில் எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள்.

அப்புறம் கம்பைல். சி கோடுக்குள் "இந்தப் பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால்" என்ற நிபந்தனைகள் ஆங்காங்கே இருக்கும். சி மொழியில் 'இஃப்டெஃப்' என்பது இதுதான். கம்பைலர் கோடைப் படிப்பதற்கு முன்பே ப்ரீபிராசஸர் வந்து, நிபந்தனை பொருந்தாத பகுதிகளை வெட்டி எறிந்துவிடும். இது நிரல் ஓடும்போது நடக்கும் சாதாரண 'இஃப்' இல்லை. வெட்டப்பட்ட பகுதியில் இலக்கணப் பிழை இருந்தாலும் கம்பைலர் அதைப் பார்க்கவே போவதில்லை. அதனால்தான் உபுண்டுவில் சுத்தமாக கம்பைல் ஆன ஒரு மாற்றம், விண்டோஸில் உடைந்து விழலாம். விம் திட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்தையும் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் தானாகவே கம்பைல் செய்து சோதிக்கிறார்கள். உங்கள் கணினி ஒன்றில் ஓடியதை வைத்து யாரும் உங்கள் மாற்றத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் இந்த நிபந்தனைகளைக் கோடு முழுக்கத் தூவினால் படிக்கவே முடியாமல் போய்விடும். அதற்கு விம்மில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் அதை 1988-ல் அமிகா என்ற கணினியில் எழுதத் தொடங்கினார். 1991-ல் முதல் வெளியீடு, 1992-ல் யூனிக்ஸுக்கு வந்தது. பிறந்த இடத்தை விட்டுச் சீக்கிரமே வெளியே வந்ததால், இயங்குதளத்தைத் தொடும் வேலைகளைத் தனிக் கோப்புகளில் ஒதுக்கும் பழக்கம் அதில் ஊறிவிட்டது. இன்றும் அமிகாவுக்கு ஒரு கோப்பு, யூனிக்ஸ் குடும்பத்துக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, விஎம்எஸ் என்ற இன்னொரு இயங்குதளத்துக்கு ஒன்று என்று பார்க்கலாம். 'எம்சிஎச்' என்ற முன்னொட்டோடு தொடங்கும் ஃபங்ஷன்கள் இந்தக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும். விசை ஒன்றை வாங்கு, இது ஃபோல்டரா என்று பார், கோப்பின் அனுமதியைச் சொல் என்பன போன்ற வேலைகள். பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் கோடு மட்டும் வேறு. எடிட்டரின் மற்ற பகுதி அந்தப் பெயரை அழைப்பதோடு சரி. கீழே இருப்பது எந்த இயங்குதளம் என்று அது கவலைப்படுவதில்லை. சோர்ஸ் கோடு படிக்கப் பழக விரும்புபவர்களுக்கு நான் சொல்வது: ஒரே 'எம்சிஎச்' ஃபங்ஷனை யூனிக்ஸ் கோப்பிலும் விண்டோஸ் கோப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள். இரண்டு இயங்குதளங்களின் சிந்தனை முறையே அதில் தெரியும்.

மூன்று லேப்டாப்புகளில்

உபுண்டுவில் வழி நேரானது. கம்பைலரும் 'மேக்' கருவியும் அடங்கிய 'பில்டு எசென்ஷியல்' பொதியும், என்கர்சஸின் 'டெவ்' பொதியும் போட்டால் அடிப்படை விம் கம்பைல் ஆகிவிடும். கான்ஃபிகரை ஓட்டும்போது 'ப்ரீஃபிக்ஸ்' என்ற விருப்பத்தில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான இடத்தில் நிறுவப் பார்க்கும், அதற்கு நிர்வாகி அனுமதி கேட்கும். ஹோமுக்குள் போட்டால், பிடிக்கவில்லை என்றால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் போகலாம். முதல்முறை செய்பவர்களுக்கு இந்தத் தைரியம் ரொம்ப முக்கியம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்வியே இதுதான்: "அண்ணா, கான்ஃபிகர் ஓடிடுச்சு, மேக்கும் ஓடிடுச்சு, ஒரு எரர் கூட இல்ல. ஆனா விம்ல காப்பி பண்ணத பிரவுசர்ல பேஸ்ட் பண்ண முடியல." காரணம் எளிது. டெர்மினல் லைப்ரரி இல்லாமல் எடிட்டரே இல்லை, அதனால் அது இல்லையென்றால் கான்ஃபிகர் நின்றுவிடும். கிளிப்போர்டு இல்லாமலும் எடிட்டர் ஓடும். எனவே எக்ஸ்11-இன் ஹெடர் கோப்புகள் கிடைக்கவில்லை என்றால் கான்ஃபிகர் "இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஓடி மறையும் வரிகளுக்கு நடுவே அந்த ஒரு "இல்லை"யை யார் கவனிப்பார்கள்? பைத்தான் இணைப்பு, ஜன்னலோடு கூடிய வடிவம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

விம்மில் இதற்கு மருந்து உண்டு. 'ஃபெயில் இஃப் மிஸ்ஸிங்' என்று ஒரு விருப்பம். அதைச் சேர்த்தால், நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட ஒரு வசதியைத் தர முடியாதபோது கான்ஃபிகர் நின்று சொல்லிவிடும். எல்லோரும் இதைச் சேர்த்தே ஓட்ட வேண்டும் என்பது என் கருத்து. கம்பைல் ஆன பிறகு விம்மிடம் அதன் பதிப்பைக் கேட்டால், வசதிகளின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். முன்னால் கூட்டல் குறி இருந்தால் அந்த வசதி இருக்கிறது, கழித்தல் குறி இருந்தால் இல்லை. கிளிப்போர்டுக்கு முன்னால் எந்தக் குறி என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

மேக்புக்கில் ஆப்பிள் தரும் கட்டளைவரிக் கருவிகளை முதலில் நிறுவ வேண்டும், கம்பைலர் அதில்தான் வருகிறது. பிறகு அதே கான்ஃபிகர்தான், மேக்கும் யூனிக்ஸ் குடும்பமே. ஆனால் இங்கே கான்ஃபிகர் பெயரையும் கேட்கிறது. டார்வின் (மேக் இயங்குதளத்தின் அடித்தளத்துக்கு அதுதான் பெயர்) என்று கணினி பதில் சொன்னால், மேக்குக்கே உரிய சில பகுதிகளைச் சேர்த்துக்கொள்ளும். ஆக, பெயரைக் கேட்கவே கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆப்பிளின் கிளிப்போர்டு ஆப்பிளிடம் மட்டும்தான் இருக்கப்போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பெயரைக் கேட்பதே நேர்மையான வழி.

மேக்கில் அடிக்கடி வரும் சிக்கல், லைப்ரரி இருந்தும் கான்ஃபிகர் கண்ணில் படாமல் போவது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற கருவி வழியாக நிறுவியவை பழைய இன்டெல் மேக்கில் ஓரிடத்திலும், எம் வரிசை சிப் உள்ள மேக்கில் வேறோர் இடத்திலும் போய் உட்காரும். இந்த இரண்டாவது இடத்தில் கம்பைலர் தானாகத் தேடாது. ஹெடர் கோப்புகளுக்கும் லைப்ரரிகளுக்கும் இங்கே பார் என்று சூழல் மாறிகள் வழியாகச் சொல்லிவிட்டு ஓட்ட வேண்டும். கான்ஃபிகர் "இல்லை" என்று சொன்னால் அதன் பொருள், தனக்குத் தெரிந்த இடங்களில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே.

விண்டோஸ் வேறு உலகம். கான்ஃபிகர் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் என்று சொன்னேன் அல்லவா, விண்டோஸில் அந்த ஷெல்லே இயல்பாகக் கிடையாது. அதனால் விம் அங்கே கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறது. விண்டோஸில் என்னென்ன இருக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான், ஒரே கம்பெனி செய்வது. எனவே பதில்கள் எல்லாம் விண்டோஸுக்கான ஹெடர் கோப்பில் நேரடியாக எழுதப்பட்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் கம்பைலருக்கு ஒன்று, மின்ஜிடபிள்யூ கம்பைலருக்கு ஒன்று என்று தயாராக மேக்ஃபைல்கள், அதாவது 'மேக்' கருவிக்கான குறிப்புக் கோப்புகள், இருக்கின்றன. ஜன்னல் வடிவம் வேண்டுமா, பைத்தான் வேண்டுமா என்பதை அவற்றை ஓட்டும் கட்டளை வரியிலேயே சொல்ல வேண்டும். ஈமேக்ஸ் இங்கே வேறு வழியில் போகிறது. எம்சிஸ்2 என்ற தொகுப்பை நிறுவி, அதில் வரும் ஷெல்லுக்குள் கான்ஃபிகரையே ஓட்டச் சொல்கிறது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைத் திறந்து அதற்குள் கம்பைல் செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கான்ஃபிகரின் கண்ணுக்கு அது லினக்ஸ்தான். வெளியே வருவதும் லினக்ஸில் ஓடும் விம்தான். அதை எடுத்து டபிள்யூஎஸ்எல் இல்லாத நண்பரின் விண்டோஸில் போட்டால் ஓடாது.

இந்த மூவரும் ஒரே சோர்ஸ் ஃபோல்டரை பென் டிரைவில் வைத்துச் சுற்றில் விடுவதும் வேண்டாம். முதல் கணினியில் கிடைத்த பதில்கள் 'ஆட்டோ' ஃபோல்டரிலேயே தங்கியிருக்கும், அடுத்த கணினிக்கு அவை பொய்யாகிவிடும். ஒரே கணினியிலேயே புதிதாக ஒரு லைப்ரரி நிறுவிய பிறகும் பழைய பதில்கள் வழிமறிக்கலாம். விம்மில் 'மேக் ரீகான்ஃபிக்' என்று கொடுத்தால் பழையதை மறந்து, எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்து, மறுபடி கம்பைலும் செய்துவிடும். ஒரே சோர்ஸை வெவ்வேறு அமைப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் கம்பைல் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு 'மேக் ஷேடோ' என்ற வசதியும் இருக்கிறது. சோர்ஸுக்கு இணைப்புகள் மட்டும் கொண்ட நிழல் ஃபோல்டர் ஒன்றை அது உருவாக்கித் தரும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு

எடிட்டரில் தமிழ் எழுதுபவர் என்றால், கான்ஃபிகரின் பதில்கள் உங்களை நேரடியாகத் தொடும் இடங்கள் உண்டு.

ஒன்று எழுத்து வடிவம். 'கெ' என்று எழுதும்போது கணினி சேமிப்பது முதலில் ககரம், பிறகு ஒற்றைக்கொம்பு. திரையில் மட்டும் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவமைக்கும் லைப்ரரி. ஈமேக்ஸ் 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரிக்கு முதலிடம் கொடுக்கிறது. லினக்ஸில் கம்பைல் செய்யும்போது அதன் 'டெவ்' பொதி இல்லையென்றால் கான்ஃபிகர் நிற்காது. ஆனால் வடிவமைக்க வேறு எந்த லைப்ரரியும் சேராமல் போனால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும் ஈமேக்ஸ் உங்களுக்குக் கிடைக்கும். ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை. கான்ஃபிகர் கடைசியில் காட்டும் சுருக்கத்தில் ஹார்ஃப்பஸுக்கு நேரே "ஆம்" இருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் ஓடும் விம்முக்கு இது பொருந்தாது. அங்கே எழுத்தை வரைவது டெர்மினல்தான், எடிட்டரை எப்படிக் கம்பைல் செய்தாலும் அது மாறாது.

இன்னொன்று கோப்பின் பெயர். 'கொடி' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறையான ஹெச்எஃப்எஸ் ப்ளஸ், பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். அதனால் மேக்கிலிருந்து உபுண்டுவுக்கு வந்த 'கொடி'யும், உபுண்டுவில் நீங்கள் தட்டும் 'கொடி'யும் வேறு வேறு கோப்புகளாகிவிட வாய்ப்புண்டு. விம்மில் மேக்குக்கென்றே எழுத்து மாற்றங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தனி சி கோப்பு இருக்கிறது, பிரிந்த பெயரைச் சேர்க்கும் வேலையும் அதில்தான் நடக்கிறது. டார்வின் என்ற பதில் வந்தால் மட்டுமே அது கம்பைலில் சேரும்.

கான்ஃபிகர் இல்லாத வழியும் உண்டு

2014-ல் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் கான்ஃபிகரைக் கைவிட்டு சிமேக் என்ற கருவிக்கு மாறியது. சிமேக்கும் கேள்வி கேட்பதுதான், ஆனால் ஷெல்லை நம்பி இல்லை. அதனால் விண்டோஸிலும் அதே வழி. கூடவே, விசை வாங்குவது, இன்னொரு நிரலை ஓட்டுவது போன்ற வேலைகளை நியோவிம் லிப்யுவி என்ற லைப்ரரியிடம் விட்டுவிட்டது. நோட்ஜேஎஸ்ஸும் பயன்படுத்தும் லைப்ரரிதான் அது. நியோவிம்மின் சோர்ஸைத் திறந்தால் இயங்குதள நிபந்தனைகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காணலாம். படிக்க எளிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிபந்தனைகள் மறைந்துபோகவில்லை, லிப்யுவியின் சோர்ஸுக்குள் யூனிக்ஸுக்கு ஒரு ஃபோல்டர், விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர் என்று குடியேறியிருக்கின்றன. முதல்முறை படிக்க உட்காருபவர்களுக்கு நான் இன்னும் விம்மையே சொல்வேன், எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

எங்காவது மாட்டிக்கொண்டால் திறக்க வேண்டிய கோப்பு ஒன்று உண்டு. கான்ஃபிகர் ஓடும்போதே தான் செய்த ஒவ்வொரு சோதனையையும் ஒரு லாக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். எந்தக் குட்டி நிரலை எழுதியது, கம்பைலரை எப்படி அழைத்தது, கம்பைலர் என்ன எரர் சொன்னது என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசியிலிருந்து படிக்காதீர்கள், கடைசிப் பகுதியில் வெறும் மாறிகளின் பட்டியல்தான் இருக்கும். திரையில் "இல்லை" என்று வந்த சோதனையின் பெயரை அதற்குள் தேடுங்கள். கீழே சில வரிகளிலேயே உண்மைக் காரணம் கிடைக்கும். பெரும்பாலும் ஏதோ ஒரு ஹெடர் கோப்பு காணவில்லை என்றிருக்கும். அந்த ஹெடர் எந்தப் பொதியில் வருகிறது என்று தேடி நிறுவுவதுதான் மீதி வேலை.

நாளைக்கு நீங்களே விம்முக்கு ஒரு மாற்றம் எழுதுகிறீர்கள், அதற்குப் புதிதாக ஒரு ஃபங்ஷன் தேவைப்படுகிறது என்று வையுங்கள். "லினக்ஸ் என்றால்" என்று நிபந்தனை போடத்தான் கை போகும். அந்த ஃபங்ஷன் யூனிக்ஸ் குடும்பத்தின் இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியிலும் இருக்கலாம், பழைய லினக்ஸில் இல்லாமலும் இருக்கலாம். 'ஆட்டோ' ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிகரைக் கையால் திருத்தவும் வேண்டாம், அது உருவாக்கப்பட்ட கோப்பு, அடுத்தமுறை அழிந்துவிடும். அது எதிலிருந்து உருவாகிறதோ அந்த மூலக் கோப்பு சோர்ஸ் ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. அந்த மூலக் கோப்பில் ஃபங்ஷன்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும் இடத்தைத் தேடி, உங்களுடைய பெயரையும் சேர்த்துவிட்டு, 'மேக் ஆட்டோகான்ஃப்' ஓட்டுங்கள். பிறகு சி கோடில் அந்தத் திறன் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் இன்னொரு வழி என்று இரண்டையும் எழுதுங்கள். அந்தச் சோதனையை வேண்டுமென்றே "இல்லை" ஆக்கி, இரண்டாவது வழியையும் ஒருமுறை கம்பைல் செய்து பார்த்த பிறகு அனுப்புங்கள்.